ஐந்து மாட்டைப் பதினொன்றாக்கலாமா? கடன் வாங்கிப் பெருக்குவது பாதுகாப்பா, ஆபத்தா?

செங்கம் கறவை

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். மூன்று ஏக்கர், ஒரு கிணறு, ஐந்து கலப்பின மாடு. இப்போது மூன்றுதான் கறவையில் இருக்கின்றன. இரண்டு வேளையும் சேர்த்து 26 லிட்டர் வருகிறது.

போன ஐப்பசி வரை ஆறு மாடு. மூன்றாம் ஈற்று மாடு ஒன்று கிடேரிக்கன்று போட்டது, நஞ்சுக்கொடியும் சரியாக விழுந்தது. மறுநாள் சாயங்காலம் படுத்தது. கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு எழவே இல்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ஈன்ற களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டோம். விடியற்காலம் போய்ப் பார்த்தால் உயிர் இல்லை. அது பால் காய்ச்சல் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதே மாதம் நாங்கள் பால் ஊற்றும் தனியார் கம்பெனி லிட்டருக்கு மூன்று ரூபாய் இறக்கியது.

இப்போது வங்கியில் ஆறு மாட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்து 5 லட்சம் தருகிறேன் என்கிறார்கள். ஐந்து வருடம், மாதத் தவணை சுமார் 10,600. எண்ணிக்கை கூடினால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும் என்று மச்சான் சொல்கிறார். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பெருக்கினால் பாதுகாப்பா?

நாமக்கல் பண்ணை

தம்பி, மாடு போனதைப் படித்துச் சங்கடமாக இருந்தது. ஆனால் அந்த இழப்பையே கணக்காகப் பாருங்கள். ஆறில் ஒன்று போனால் வீட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது. என்னிடம் 22 உருப்படி, சராசரியாக 15 கறவையில். ஒன்று செத்தால் வலிக்கும், ஆனால் அந்த மாதத் தவணை நிற்காது. சின்ன எண்ணிக்கையில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

கறவைச் சுழற்சியும் அப்படித்தான். ஐந்து மாட்டில் இரண்டு சேர்ந்தாற்போல வற்றிவிட்டால், இன்னொன்றுக்கு மூன்று சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால், உங்கள் பால் பாதியாகிவிடும். 22 இருந்தால் மாதம் ஒன்றிரண்டு ஈனும்படி அமைத்துக்கொள்ளலாம். என் பண்ணையில் பால் அளவு வருடம் முழுக்கப் பெரிதாக ஆடுவதில்லை.

தீவனத்திலும் அதே கதை. மக்காச்சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் தட்டோடு அறுத்து, துண்டாக வெட்டி, குழியில் மிதித்து மூடி ஊறுகாய்ப்புல்லாக வைக்கிறேன். ஒரு குழி 40 டன். கோடை முழுக்கக் கவலை இல்லை. ஐந்து மாட்டுக்காரர் இதற்கு இயந்திரமும் ஆளும் கொண்டுவர முடியுமா? 150 லிட்டர் தருகிறவன் வாசலுக்கு வண்டி வரும், விலையும் பேசலாம். 26 லிட்டர் ஊற்றுகிறவர் சொன்ன விலைக்குத்தான் ஊற்ற வேண்டும். அந்த மூன்று ரூபாய் இறக்கினார்களே, அதுவே சாட்சி.

வாங்குங்கள். ஆனால் ஆறையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இரண்டு இரண்டாக, மூன்று மாத இடைவெளியில்.

கொறங்காடு

நாமக்கல் தம்பி சொல்வது மழை பெய்கிற வருடத்துக் கணக்குங்க. நான் காங்கேயம் பக்கம். 2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் வறட்சி என்று அரசு அறிவித்ததே, அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் சுற்றுவட்டத்தில் முதலில் கட்டுத்தறியைக் காலி செய்தது யார் தெரியுமா? இருபது, முப்பது மாடு வைத்திருந்தவர்கள். 70,000 கொடுத்து வாங்கிய மாட்டை 25,000க்கு ஓட்டிவிட்டார்கள். எல்லாரும் ஒரே வாரத்தில் விற்க நின்றால் சந்தையில் விலை என்ன ஆகும்? தரகர் விலை பேசத் துண்டுக்குள் விரலைப் பிடிக்கவே யோசித்தார். மாடு போனது, கடன் மட்டும் நின்றது.

என்னிடம் அப்போது நாலு மாடு, பதினைந்து செம்மறி, ஏழு ஏக்கர் கொறங்காடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, வருடா வருடம் உழுவதும் இல்லை. கோடையில் வெள்வேல நெற்று உதிர்ந்தால் ஆடு பொறுக்கித் தின்னும். புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், செத்துவிட்டது என்றே நினைப்பீர்கள். ஒரு மழை போதும், பத்து நாளில் பச்சை கட்டும். அந்த வருடம் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு இரண்டை விற்றேன், ஆட்டில் பாதியை விற்றேன். கடன் இல்லாததால் நல்ல மாடு எது, கழிக்க வேண்டியது எது என்று பார்த்து விற்க முடிந்தது. தவணை கட்ட விற்றவர்கள் எது விலை போகுமோ அதைத்தான் விற்றார்கள். அதாவது நல்ல மாட்டை.

செங்கம் தம்பி, மூன்று ஏக்கர் என்கிறீர்கள். அதில் தீவனம் எத்தனை சென்ட்?

செங்கம் கறவை

உண்மையைச் சொன்னால் பத்து சென்ட் கூட இல்லை அண்ணே. வரப்பில் கொஞ்சம் கோ-4 தீவனப்புல் நிற்கிறது. மற்றது கடலை, நெல். பசுந்தீவனம் குறைவு என்பதால் அடர்தீவனத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

நாமக்கல் பண்ணை

கொறங்காடு அண்ணன் ஏழு ஏக்கர் மேய்ச்சல் வைத்திருக்கிறார். செங்கத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனக்காரருக்கு அதை உதாரணம் காட்டலாமா? பரம்பரை நிலம் இருப்பவர் பொறுத்திருக்கலாம். இல்லாதவன் உற்பத்தியைக் கூட்டித்தான் பிழைக்க முடியும். வறட்சியில் நானும் அடிபட்டேன், மறைக்கவில்லை. ஆறு மாடு விற்றேன். மிச்சத்தைக் காப்பாற்றியது குழியில் இருந்த ஊறுகாய்ப்புல். அந்தக் குழியை வெட்ட முடிந்ததற்குக் காரணமே எண்ணிக்கை.

கறவைக்காரி, திருப்பத்தூர்

இரண்டு அண்ணன்மாரும் நிலத்தையும் குழியையும் பேசுகிறீர்கள். பால் கறப்பது யார்? செங்கம் தம்பி "வீட்டில் வேண்டாம் என்கிறாள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு நாலு மாடு. நாலு மணிக்கு எழுந்தால் சாணி அள்ளி, தரை கழுவி, மடி கழுவித் துடைத்து, கறந்து, ஆறே காலுக்குப் பால் சங்கத்தில் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பேன். திப்பி திப்பியாக வந்தாலோ, தண்ணீர் போல ஓடினாலோ மடிநோய் தொடங்குகிறது என்று அர்த்தம். பின் காம்பில் கை வைத்தவுடன் மாடு காலை மாற்றி வைத்தால் அங்கே சூடு இருக்கும். இதெல்லாம் ஒரு மாட்டோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் தெரியும். பதினொரு மாட்டுக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? கறக்க ஆள் வைப்பீர்கள். ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போவார், மூன்று நாள் வரமாட்டார். மாட்டுக்குப் பொங்கல் லீவு கிடையாது.

போன வருடம் எனக்குக் கைமூட்டு வீங்கி இருபது நாள் கறக்க முடியவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு மாடு கறந்துவிட்டுப் போனாள். வறட்சி, நோய், விலை என்று எல்லாரும் எண்ணுகிறீர்கள். கறக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதை எந்த வங்கிக்காரரும் கேட்டதில்லை.

தம்பி, உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து கேட்டீர்களா?

நாமக்கல் பண்ணை

அக்கா சொல்வது நியாயம். என் பண்ணையில் கறவை இயந்திரம் இருக்கிறது, ஒரு தம்பதி தங்கி வேலை பார்க்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனால் பதினொன்றுக்கு ஒரு இயந்திரம் கட்டுப்படியாகும், நாலுக்கு ஆகாது. உங்கள் கைமூட்டு வலிக்குத் தீர்வும் எண்ணிக்கைதான் என்பேன்.

கறவைக்காரி, திருப்பத்தூர்

இயந்திரத்துக்கு இன்னொரு கடனா அண்ணே?

மாட்டு டாக்டர்

இருபது வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இங்கே இரண்டு வகை ஆபத்தை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஒன்று, ஒரு மாட்டைத் தாக்குவது. பால் காய்ச்சல், வயிறு உப்புசம், கன்று மாறிக் கிடப்பது, மடிநோய், சினை பிடிக்காதது. இதற்கு நாமக்கல்காரர் சொல்வது சரி. மாடு கூடினால் அடி பரவிப்போகும். இன்னொன்று, எல்லா மாட்டையும் ஒரே நேரத்தில் தாக்குவது. கோமாரி, தோல் கழலை நோய், வறட்சி, தீவன விலை, பால் விலை இறக்கம். இதில் எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றாது, அடியையும் அதே அளவுக்குப் பெருக்கும். கடன் வாங்கிப் பெருக்கியிருந்தால் இரட்டை அடி. முதல் வகை அடிக்கடி வரும், ஆனால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. இரண்டாம் வகை எப்போதாவது வரும், குடும்பத்தையே சாய்த்துவிடும்.

செங்கம் தம்பியின் மாடு போனதைத் தடுத்திருக்கலாம். குற்றமாகச் சொல்லவில்லை, படிக்கிற நாலு பேருக்கு உதவும் என்று சொல்கிறேன். நல்ல கறவை மாடு ஈன்ற ஓரிரு நாளில் தள்ளாடிப் படுத்து, கழுத்தை விலாவில் மடித்து, காதும் உடம்பும் குளிர்ந்து கிடந்தால் அது களைப்பு இல்லை. சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து முழுக்க இறங்கிவிட்டது. அன்றே கால்சியம் நரம்பில் ஏற்றினால் பல மாடுகள் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1962 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், நடமாடும் கால்நடை ஊர்தி வரும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அந்த நிலையில் மாடு விழுங்காது, நுரையீரலுக்குப் போய்விடும்.

மடிநோய்க்குப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகை முறை பலருக்குத் தெரிந்திருக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர்க்கக் கரைத்து, கறந்து கழுவிய மடியில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஐந்து நாளாவது விடாமல். தொடக்கத்திலேயே பிடித்தால் நன்றாகக் கேட்கும். காய்ச்சல் வந்து மாடு தீனி எடுக்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கறந்தவுடன் தீவனம் போடுங்கள். அரை மணி நேரம் மாடு நின்று தின்னட்டும். கறந்த காம்பின் துளை மூடுவதற்குள் சாணியில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். செலவே இல்லாத தடுப்பு இது.

மன்னார்குடி விவசாயி

டாக்டர் ஐயா பிரித்துச் சொன்னது சரி. 2013ல் எங்கள் டெல்டாவில் கோமாரி வந்தபோது தெருவில் ஒரு கொட்டகை பாக்கியில்லை. வாயில் நுரை, குளம்பு வெடித்து நடக்க முடியாமல் மாடு மண்டி போடும். எனக்கு இரண்டு போனது, பிழைத்ததும் பழைய பாலுக்குத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்பது இருந்தது, அவருக்கு நாலு போனது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கொட்டகைத் தகரம் பறந்து மாட்டின் மேலேயே விழுந்தது. எண்ணிக்கை எங்கே காப்பாற்றியது?

ஆனால் காப்பீடு என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். மூன்று வருடம் கட்டினேன். மாடு செத்தபோது காதில் காப்பீட்டு அடையாள வில்லை இல்லை, வேலியில் மாட்டி அறுந்திருக்கிறது. அடையாளம் இல்லை, பணமும் இல்லை என்றார்கள். அதே மாடு, அதே கொட்டகை, ஊரே சாட்சி. ஒரு ரூபாய் வரவில்லை. அந்தப் பிரீமியத்தைத் தபால் நிலையத்தில் போட்டிருந்தால் கையில் இருந்திருக்கும்.

மாட்டு டாக்டர்

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. ஆனால் ஒரு மாட்டின் பிரீமியத்தைச் சேர்த்து வைத்தால் இன்னொரு மாடு வாங்க எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மாடு அதுவரை காத்திருக்காது. 2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் விவசாயி கட்ட வேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைத்தார்கள், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. அந்தச் செலவுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

வில்லை விழுந்தால் அன்றே மருந்தகத்துக்கும் கம்பெனிக்கும் சொல்லி மறுவில்லை போட வேண்டும். மாடு செத்தால் புதைக்கும் முன் தகவல் சொல்ல வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும், வில்லையோடு படம் எடுக்க வேண்டும். வில்லை போடும்போது யாரும் இதை விளக்குவதில்லை என்பது உண்மைதான்.

தடுப்பூசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோமாரித் தடுப்பூசி 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். ஊருக்கு நான் போனால் பாதி வீட்டில் மாட்டை மறைக்கிறார்கள். ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்ற பயம். குறையும்தான். கோமாரி வந்தால் அந்த ஈற்று முழுக்கக் குறையும்.

மன்னார்குடி விவசாயி

தடுப்பூசிக்கு நான் எதிரி இல்லை, என் மாடு ஒன்று விடாமல் போடுகிறேன். காப்பீட்டில் நீங்கள் சொல்லும் விதி நூறு சதவீதம் சரியாக இருக்கலாம். மாடு செத்த வீட்டில் அழுதுகொண்டிருப்பவன் படம் எடுத்து, மனு எழுதி, நாலு முறை பஸ் ஏற வேண்டும் என்றால் அந்தத் திட்டம் படித்தவனுக்கான திட்டம். நான் மாறுவதாக இல்லை.

சங்கத்து ஆள், ஆத்தூர்

பால் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். செங்கம் தம்பி அந்த மூன்று ரூபாயைச் சொன்னாரே, அதைப் பேசுவோம்.

26 லிட்டருக்கு மூன்று ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 78, மாதம் 2,340. பாலை 35 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 910 வருகிறது. அடர்தீவனம் எவ்வளவு? உடம்பைக் காக்க மாட்டுக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. ஐந்து மாட்டுக்கும் சேர்த்து 18 கிலோ. கிலோ 28 என்றால் 504. மிச்சம் 406, மாதம் 12,180. வைக்கோல், ஊசி, மருந்து இன்னும் கழிக்கவில்லை. விலை இறங்கினால் அந்த 12,180இல் 2,340 போகிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. லிட்டருக்கு மூன்று ரூபாய் சின்னதாகத் தெரியும், அது அடிப்பது முழுக்க உங்கள் கூலியை.

அதனால்தான் சங்கம் முக்கியம் என்கிறேன். சங்கங்கள் பால் கொடுக்கும் ஆவினின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 32லிருந்து 35 ஆனது, எருமைப்பாலுக்கு 41லிருந்து 44. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. மெதுவாகத்தான் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பால் பெருகுகிற மாதத்தில் திடீரென்று இறங்காது. 2020ல் ஊரடங்கு போட்டபோது டீக்கடை இல்லை, கல்யாணம் இல்லை. தனியாருக்கு ஊற்றிய பலர் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.

நாமக்கல் பண்ணை

சங்கத்து நண்பரே, கோடையில் பால் குறையும்போது தனியார் உங்களைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடக் கொடுக்கிறார்களே, அதையும் சொல்லுங்கள். அவர்களிடம் பால் பணப் பட்டுவாடா பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. நான் முன்பு ஊற்றிய ஒரு சங்கத்தில் இரண்டு மாதம் பாக்கி நின்றது, தவிட்டுக்காரரிடம் நான் தலைகுனிந்து நின்றேன்.

2023 மே மாதம் அமுல் கிருஷ்ணகிரிப் பக்கம் பால் எடுக்க வந்தபோது, நிறுத்தச் சொல்லி முதலமைச்சர் மத்திய அமைச்சர் அமித்ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் எல்லைக்குள் இன்னொரு கூட்டுறவு நுழையக்கூடாது என்பது வாதம். விவசாயி பார்வையில் யோசியுங்கள். வாங்க மூன்று பேர் நின்றால் விலை இறங்குமா, ஏறுமா?

சங்கத்து ஆள், ஆத்தூர்

முதல் வருடம் ஏறும். சங்கத்தில் பால் குறைந்து, குளிரூட்டும் நிலையம் பாதித் திறனில் ஓடி, ஒருநாள் மூடினால் அப்புறம்? வாங்க ஆள் இருப்பது ஒரு பாதுகாப்பு, நம்மைக் கேட்டு நடக்கிற ஆள் இருப்பது இன்னொரு பாதுகாப்பு. பட்டுவாடா தாமதம் தப்புதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பால் ஊற்றும் உறுப்பினர் கூட்டத்துக்கு வந்து கேட்க வேண்டும். நூறு உறுப்பினரில் கூட்டத்துக்கு வருவது பதினைந்து பேர்.

கறவைக்காரி, திருப்பத்தூர்

எங்கள் ஊரில் அந்தப் பதினைந்து பேரும் ஆண்கள். பால் கொண்டுவருவதெல்லாம் பெண்கள்.

சங்கத்து ஆள், ஆத்தூர்

எங்கள் ஊரிலும் அப்படித்தான் அக்கா.

மன்னார்குடி விவசாயி

இடையில் ஒரு கேள்வி. கலப்பினத்தை விட்டுவிட்டு நாட்டு மாட்டுக்கு மாறினால் பாதித் தொல்லை தீராதா? எங்கள் உம்பளாச்சேரி வெயிலுக்கும் சேற்றுக்கும் அசையாது, உண்ணி சீக்கிரம் ஏறாது.

கொறங்காடு

மாடு அசையாதுங்க, வீட்டுக் கணக்கு அசைந்துவிடும். என் தாத்தா காலத்திலிருந்து காங்கேயம் வளர்க்கும் குடும்பம். ஒன்று இப்போதும் கட்டுத்தறியில் நிற்கிறது, அதைப் பார்த்தால்தான் எனக்கு விடியும். ஆனால் அது உழவு மாடு, வண்டி மாடு. கன்று குடித்தது போக இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். அந்த மாட்டை வைத்துப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உம்பளாச்சேரியும் அப்படித்தானே? கலப்பினத்தில் அதிகப் பால் ஆசையில் எச்.எஃப். எனும் ஹோல்ஸ்டீன் ரத்தம் கூடிய மாட்டை வாங்காமல், ஜெர்சிக் கலப்போடு நின்றால் வெயில் தாங்கும். செங்கம் வெயிலுக்கு அதுவே போதும்.

செங்கம் கறவை

எல்லாருக்கும் நன்றி. திருப்பத்தூர் அக்கா கேட்ட கேள்வியை நேற்று ராத்திரி வீட்டில் கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: "அந்த மாடு படுத்த அன்றைக்குச் சாயங்காலம் நாலு மாடு கறந்து முடித்துச் குட்டையில் துணி துவைத்துவிட்டு வந்தேன். அதன் பக்கத்தில் உட்காரவே நேரம் இல்லை. உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்." இத்தனை நாள் இதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

5 லட்சம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நாமக்கல் அண்ணன் வருத்தப்பட வேண்டாம். கடலை போடும் துண்டில் 40 சென்டைத் தீவனத்துக்கு ஒதுக்கப் போகிறேன். வறண்ட வருடத்துக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. கிணறு சித்திரையில் அரை மணி நேரம்தான் இறைக்கும்.

கொறங்காடு

40 சென்டையும் கோ-4, கோ-5 மாதிரி நேப்பியர் புல்லில் போடாதீங்க தம்பி. அது தண்ணீர் குடிக்கும். பாதி கோ-5, ஓரமாக வேலிமசால், வேலி முழுக்க அகத்தியும் சூபாபுல்லும். கடைசி மழையை நம்பி மானாவாரியில் சோளம் விதைத்துத் தட்டாகப் போர் போட்டு வையுங்கள், கோடைக்கு அதுதான். ஒரு எச்சரிக்கை. மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மாட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள். அதில் நஞ்சு ஏறியிருக்கும். எங்கள் ஊரில் வேலி தாண்டி மேய்ந்த ஒரு மாடு கால் மணி நேரத்தில் விழுந்தது. பூத்த பிறகு அறுத்துக் காயவைத்தால் பயம் இல்லை.

நாமக்கல் பண்ணை

வருத்தம் எல்லாம் இல்லை தம்பி, ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஐந்து மாட்டில் இரண்டு வற்றினால் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். குறைந்தது உங்கள் கிடேரிக்கன்றை விற்காமல் வளர்த்துக் கறவைக்குக் கொண்டுவாருங்கள். சந்தையில் மடியைக் கறக்காமல் கட்டிவைத்துப் பெரிதாகக் காட்டுவார்கள், அங்கே ஏமாறுவதைவிட வீட்டுக் கன்று மேல்.

கோ-5 கணக்கு சொல்கிறேன். வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் ஏக்கருக்கு வருடம் 140 டன்னுக்கு மேல் வரும். உங்கள் கிணற்றுக்குப் பாதி என்று வையுங்கள். 20 சென்டில் 14 டன், நாளைக்கு 38 கிலோ. ஐந்து மாட்டுக்குப் பிரித்தால் ஏழு கிலோ சொச்சம், அடர்தீவனத்தில் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வேன், 30 சென்ட் போடுங்கள். நடவிலிருந்து 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒன்று.

செங்கம் கறவை

30 போடுகிறேன் அண்ணே. நடுவதற்குக் கரணை எத்தனை வேண்டும்?

நாமக்கல் பண்ணை

30 சென்டுக்கு நாலாயிரம். காசு வேண்டாம், என் வயலில் அடுத்த அறுப்பு இரண்டு வாரத்தில் வருகிறது. ஒரு டெம்போ பிடித்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்தும் கூட்டி வாருங்கள், கறவை இயந்திரத்தை ஒருமுறை அவர் கையால் ஓட்டிப் பார்க்கட்டும்.